கொசுறாய் வாங்கிய பேர்

விற்கத் தெரியாதவன் நீ. தெரியாதவன் விற்க வந்திருக்கக் கூடாது. வந்தாய், வந்து உட்கார்ந்து நான் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாய், அந்த ஒரு தலையாட்டலில் என் குடியைக் கெடுத்துவிட்டுப் போனாய் என்று ஆவுடையப்பன் மனசுக்குள் இந்த விமானக் கம்பெனியைத் தனக்கு விற்ற பழைய கேப்டனை வைதுகொண்டிருந்தார். மனசுக்குள் என்பதால் நீ. நேரில் என்றால் வாரும், இரியும், காப்பி சாப்பிடும் எல்லாம் வந்துவிடும்; இத்தனை வருஷ வியாபாரத்தில் வாய் தனியாகவும் வயிறு தனியாகவும் வேலை செய்யப் பழகியிருந்தன. ஐப்பசி மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டியது. தூத்துக்குடி விமான நிலையக் காம்பவுண்டுக்குள், ஹேங்கரை ஒட்டி அவர் கம்பெனிக்கென்று இருந்த அந்த ஒற்றை ரூமில் ஏசித் தண்ணீர் பிளாஸ்டிக் வாளியில் சொட்டியது, ஈரச்சாக்கில் கட்டிவைத்த நண்டுகள் மூலையில் கறகறவென்றன, எதிரே மேஜைமேல் ரேடியோ செட் ஸ்ஸ் என்று இரைந்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வர வேண்டும். வரவில்லை. காலையில் சென்னைக்கு நண்டு ஏற்றிக்கொண்டு போன அவருடைய சின்ன விமானம் மருந்துப் பெட்டிகளோடு திரும்பி வந்து இறங்கியிருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. கேப்டன் நாயர் இடது சீட்டில். வலது சீட்டில் செண்பகவல்லி, அவர் மகள், ஒரே மகள், காலையில் சட்டைத் தோளில் பட்டையைச் செருகிக்கொண்டே நின்றபடி ஒரு தோசையைத் தின்றுவிட்டு ஓடியவள். மழைக்கு மேலே எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று டவர்காரர்கள் கடைசியாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் டவருக்குப் போகிற போன் லைன் செத்துவிட்டது.

"பியூலா, இன்னொருக்கக் கூப்பிடு." "இப்பத்தான அண்ணாச்சி கூப்பிட்டேன்." "இப்பன்னா எப்ப?" "நீங்க டீய வாயில வச்சிட்டு மொகத்தச் சுளிச்சியள்லா, அப்ப." டீயில் ஆடை படர்ந்து கிடந்தது. பியூலா பழைய கம்பெனிக் காலத்திலிருந்தே இந்த செட்டுக்கு முன்னால் உட்காருகிறவள், கம்பெனியை வாங்கும்போது மேஜை நாற்காலியோடு சேர்ந்து வந்தவள் என்று ஆவுடையப்பன் கேலி பேசுவார், நாற்காலிக்குச் சம்பளம் கூட்டத் தேவையில்லல்லா அண்ணாச்சி என்று அவளும் பதிலுக்கு விடுவாள். இன்று இரண்டு பேரும் அதையெல்லாம் பேசவில்லை. அவள் மைக்கை எடுத்து அமுக்கினாள். "டெல்பினா டூ செவன், டெல்பினா டூ செவன், தூத்துக்குடி ஆப்ஸ்." ஆப்ஸ் என்றால் இந்த ஒற்றை ரூம்தான். ஸ்ஸ். டெல்பினா என்ற பேரை அவள் சொல்லும்போது இன்றைக்கு அவர் பல்லில் கூசியது. நேற்று வரைக்கும் கூசவில்லை. நேற்று வரைக்கும் அது ஒரு பேர், ரேடியோவில் விமானத்தைக் கூப்பிடும் பேர், கால்சைன் என்பார்கள், பஸ்ஸுக்கு நம்பர்ப் பலகை மாதிரி. மத்தியானம் அந்தப் பத்திரிகைக்காரி போன் செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் கூசியிருக்காது. சார், ஏர்லைன்ஸ் கால்சைனெல்லாம் எப்படி வந்துதுன்னு ஒரு கட்டுரை எழுதறேன் சார் என்றாள். குரலைக் கேட்டால் காலேஜை விட்டு நேற்று வந்தவள் போல இருந்தது. அவளே கடகடவென்று சொல்லிக்கொண்டு போனாள். லண்டன்காரன் விமானத்துக்கு ரேடியோவில் ஸ்பீட்பேர்ட் என்றுதான் பேராம், அந்தக் காலத்தில் கம்பெனிச் சின்னமாக ஒரு பறவையை வரைந்திருந்தார்களாம், படம் போய்விட்டது, பேர் மட்டும் வாயில் நிற்கிறது. அயர்லாந்துக்காரனுக்கு ஷாம்ராக், மூன்று இலை கிள்ளி ஒட்டியது போல ஒரு செடியாம். தென்னாப்பிரிக்காக்காரனுக்கு அவன் ஊர்த் துள்ளுமான். கம்பெனிப் பேர் ஒன்று, கூப்பிடுகிற பேர் ஒன்று, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கு சார், உங்களுது எப்படி சார் வந்துச்சு? ஆவுடையப்பன் வியாபாரி, தெரியாது என்ற சொல்லை விலைக்குக்கூட விற்கமாட்டார். "அது எங்க குலசாமி பேரும்மா" என்றார். "டெல்பினாவா சார்?" என்றாள் அவள். சிக்னல் சரியில்ல என்று வைத்துவிட்டார். வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டேதான், தயிர்ச்சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்த பியூலாவிடம் கேட்டார், ஏம்மா அது யாரு டெல்பினா, அந்த மனுசன் வச்சிருந்த வெள்ளைக்காரியா? பியூலா சிரிக்கவில்லை. அங்கேயே இவர் எழுந்து போயிருக்க வேண்டும். கை கழுவப் போயிருக்கலாம்.

"அது தோணிப் பேரு அண்ணாச்சி. பழைய கேப்டனோட அப்பா ஓட்டுன தோணி. கொழும்புக்கு வெங்காயம் ஏத்திட்டுப் போச்சு. திரும்பல." "திரும்பலன்னா?" "திரும்பலன்னா திரும்பல. ஒரு பலகை, ஒரு துணி, ஒண்ணும் ஒதுங்கல." அப்புறம் அவள் சொன்னது எல்லாம் இப்போது இந்த இரைச்சலுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. அந்தக் கேப்டனின் அம்மா பழைய காலத்து மனுஷி, புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டாள், காணாமல் போனபிறகும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கடற்கரையில் வரிசையாக நிற்கவைத்து, தோணிப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கலே என்பாளாம். டெல்பினா, டெல்பினா என்று பிள்ளைகள் தொண்டை கட்டுகிற மட்டும் கடலைப் பார்த்துக் கத்துமாம். கடைசிப் பிள்ளைதான் நீ. போய்த் திரும்பி வராத தோணிக்கு வைத்த பேரை அடுத்த தோணிக்கு வைக்கிற வழக்கம் உன் குடும்பத்தில் கிடையாதாம். மரத்தில் எழுதத்தானே கூடாது பியூலா, காற்றில் சொல்லலாமில்லையா என்று கேட்டாயாம், விமானக் கம்பெனி ஆரம்பித்தபோது. கூப்பிட்டால் பதில் வரணும், தினமும் வரணும், அதுக்குத்தான் என்றாயாம். நன்றாக இருக்கிறது. உன் நெஞ்சுக்கு நல்ல ஒத்தடம். உன் ஒத்தடத்துக்கு என் பிள்ளையா கிடைத்தாள்? முங்கிப்போன ஒன்றின் பேரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு, இந்த மழையில், கடல் பக்கமாகத்தானே அவர்கள் சுற்றுவார்கள், கடல் பக்கமாகத்தானே வந்து இறங்குவார்கள், கீழே அதே கடல், அந்தத் தோணி போனது என்ன மாதம் என்று பியூலாவிடம் கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை, அவள் ஐப்பசி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது.

கேட்காமல் இருக்க அவருக்குத் தெரியும். கேட்காமல் இருந்துதான் இந்த இடத்துக்கு வந்தார். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பாரைச் சணல்சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய காலத்தில் தோள் மரத்துப்போய் இரவில் திரும்பிப் படுக்க முடியாது, அந்தத் தோளோடுதான் பழைய போட் இன்ஜின் வாங்கி விற்க ஆரம்பித்தார். பழைய சாமான் வியாபாரத்தில் இரண்டு கேள்வி கேட்கக் கூடாது. இது யாருடையது. ஏன் விற்கிறாய். கேட்டால் உனக்கு அதன்மேல் ஆசை என்று எதிரி கண்டுகொள்வான், அல்லது அழுவான். ஒரே ஒரு தடவை கேட்டார். தருவைக்குளத்துக்காரன் ஒருவன், ஏம்பா நல்ல இன்ஜினாத்தான இருக்கு ஏன் குடுக்க என்று கேட்டதும் பொலபொலவென்று அழுது பெண்டாட்டி சீக்கு, பிள்ளை சீக்கு என்று நீளமாகச் சொன்னான், இவர் இளகிப்போய் அவன் சொன்ன விலைக்கே எடுத்தார், ஒரு வாரத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது, பெண்டாட்டி கொழுகொழுவென்று திருச்செந்தூர் பஸ்ஸில் போவதைப் பின்னால் பார்த்தார். அன்றோடு சரி. சாமானைத் தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், ஆளைப் பார்க்கமாட்டார். அப்படி வாங்கிய இன்ஜின்தான் அவர் சோறு, அப்படி வாங்கிய ஐஸ் ஆலைதான் அவர் வீடு, அப்படித்தான் நண்டு ஏற்றுமதி, அப்படித்தான் இந்த இரண்டு விமானமும் ஏணியும் இழுவை டிராக்டரும் ரேடியோ செட்டும் பியூலாவும். படுத்துப்போன கம்பெனியை மொத்தமாக எடுத்தார். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவனிடம் நீயாகச் சொல்லவேண்டியதுதானே? சொல்லவேண்டியதுதானே ஐயா?

"அண்ணாச்சி, இப்பிடி நடந்தீயன்னா எனக்குக் கிறுகிறுங்கு. உக்காருங்க." உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அந்த நாள் எதிரில் வந்து உட்கார்ந்தது. இதே ரூம், இதே மேஜை. பேசி முடித்தாகிவிட்டது, இரண்டு பேருக்கும் களைப்பு, ஏசி அன்றைக்கு ஒழுகவில்லை. நீ பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாய், எல்லாம் எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, கால்சைன மட்டும் ரத்துப் பண்ணச் சொல்லி நான் எழுதிருதேன், நீங்க உங்களுக்குப் பிடிச்ச பேராப் போட்டு புதுசா வாங்கிக்கிடுங்க, நாலஞ்சு பேரு எழுதிக் குடுத்தா ஒண்ணு கெடச்சிரும். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். சாதாரணமாகச் சொன்னதால்தான் அவருக்கு மூக்கு வேர்த்தது. விற்கிறவன் ஒன்றை மட்டும் தனியே ஒதுக்குகிறான் என்றால் சரக்கு அங்கேதான் இருக்கிறது. மீன்காரி கூடைக்கடியில் இலை போட்டு மூடினால் நல்ல வஞ்சிரம் இலைக்கடியில். அதெப்பிடி என்று எழுந்துவிட்டார். "கருவாடு வாங்குனாக்கூட கொசுறு உண்டு வே. காய் வாங்குனா கறிவேப்பிலை உண்டு. இம்புட்டு எடுத்திருக்கேன், பேரத் தரமாட்டேங்கீரு. பேரு கொசுறு. அதுவும் சேந்தாத்தான் கையெழுத்து." மேஜையைத் தட்டினார், டம்ளர் குதித்தது. நீ எழுந்து வெளியே போனாய். வெயில். விமானத்தின் இறக்கைக்கடியில் நிழலில் போய் நின்றாய், கையைத் தூக்கி இறக்கையின் அடிப்பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாய், மாட்டைத் தொட்டுக்கொண்டு நிற்பது மாதிரி. கணக்குப் போடுகிறான் என்று இவர் இங்கே ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார். திரும்பி வந்தாய். சரி என்றாய். சரி! அவ்வளவுதான். யாராவது அப்படிச் சொல்வார்களா? ஒருத்தன் கேட்டால் இல்லை என்கிறது. அவன் கத்தினால் நீயும் கத்துகிறது. இரண்டாம் தடவையும் இல்லை என்றிருந்தால் மேஜையை இன்னொரு தட்டுத் தட்டிவிட்டு, மூன்றாவது தடவை போய்த்தொலையும் வே, நீரே வச்சிக்கிடும் என்று விட்டிருப்பார், அதுதானே முறை, அதற்குத்தானே மேஜையைத் தட்டுவது. அவர் தட்டியது வியாபாரம். நீ அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டாய். கொசுறு கேட்டால் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடவேண்டியவன் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனாய், அதை அவர் வீட்டில் போய்ப் பெண்டாட்டியிடம் பெருமையாகச் சொன்னார், பேரையும் உருவிட்டேன் பாத்துக்கோ என்று. செண்பகம் அப்போது பக்கத்தில் இருந்தாளா? இருந்தாள். போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தப் பார்வை ஏன் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது. அவளைப் பறக்கப் படிக்க வைத்தது தான்தான் என்று அவர் ஊரெல்லாம் சொல்வார், ஆனால் நடந்தது வேறு, அவள் அவரிடமே பேரம் பேசி ஜெயித்தாள். ஆபீஸில் உட்காரு தாயி, கணக்குப் பாரு என்றார், மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள், நான்காம் நாள் அவரே தட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றார். அந்தக் குணம் அவருடையது, அதனால் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஓட்டுகிறவர் நாயர் என்றால் ரேடியோவில் பேசுகிறவள் அவள். நாயர் பாதி நாள் ஓட்டுவார், அப்போதெல்லாம் இவள் வாயில்தான் அந்தப் பேர். ஒரு நடைக்கு எத்தனை தடவை சொல்வாள். கிளம்பும்போது, ஏறும்போது, திரும்பும்போது, மதுரை டவர்காரன் கேட்டால், திருவனந்தபுரத்துக்காரன் கேட்டால், ஒவ்வொரு பேச்சிலும் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவளிடம் இதைச் சொல்லவே கூடாது. இறங்கட்டும். இறங்கினதும் நாளைக்கே எழுதிப்போட்டு வேறு பேர் வாங்கிவிட வேண்டும், ஒரு பூ, ஒரு பறவை, லண்டன்காரன் வைக்கவில்லையா, ஒரு நல்ல உயிருள்ள பேர், அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தெரிந்தால் பயப்படுவாள், பயந்தால் கை நடுங்கும். "பியூலா. இந்த தோணிச் சமாச்சாரம் பிள்ளைக்குத் தெரியப்படாது, என்னா? நீ வாய வச்சிக்கிட்டு இரு." பியூலா செட்டின் பொத்தானைத் துணியால் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த பொத்தான். "என்னட்டி முழிக்க?" "பாப்பாவுக்குத் தெரியும் அண்ணாச்சி." "என்ன தெரியும்?" "எல்லாந் தெரியும். சேந்த வாரமே கேட்டா, இது யாரு பேரு அக்கான்னு. நான் சொன்னா சரியா இருக்காது, நீ வேணும்னா பழைய கேப்டன் வீட்டுக்குப் போயிக் கேளுன்னேன். போனா. சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டு வந்தா." "எங்கிட்டச் சொல்லல." "நீங்க கேக்கலயே அண்ணாச்சி."

மழை ஒரு நிமிஷம் குறைந்தது போல இருந்து, மறுபடி பலத்தது. அப்படியானால் எல்லோருக்கும் தெரியும். பியூலாவுக்குத் தெரியும், நாயருக்குத் தெரியும், சென்னையில் நண்டு இறக்குகிறவனுக்குத் தெரியும் போலிருக்கிறது, தெரியாதவன் மொதலாளி ஒருத்தன்தான், கொசுறு வாங்கிய கெட்டிக்காரன். செண்பகம் தெரிந்தே சொல்கிறாள். தெரிந்தே, ஒவ்வொரு நாளும், அந்த டெல்பினாவைச் சொல்லிக்கொண்டு மேலே போகிறாள், வீட்டுக்கு வந்து ரசம் ஊற்றச் சொல்லி உட்காருகிறாள், ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. என்ன சொன்னாய் அவளிடம்? உன் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்து, டீ கொடுத்து, என்ன சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தாய்? உனக்குப் பேசத் தெரியாது என்றல்லவா நினைத்தேன். என்னிடம் சரி என்ற ஒரு சொல், அவளிடம் ஒரு சாயங்காலம் முழுக்க. "கூப்பிடு." "அண்ணாச்சி, அவங்க டவரோட பேசிட்டு இருப்பாங்க, மழைக்குள்ள எறங்கும்போது நம்மகூடப் பேச நேரம் இருக்காது. அதான் பதில் வரல. வேற ஒண்ணும் இல்ல." "வேற ஒண்ணும் இல்லன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?" பியூலாவும் கழுத்துச் சங்கிலியிலிருந்த சிலுவையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். பார்த்த பிறகு உட்கார முடியவில்லை.

மைக்கைப் பிடுங்கினார். "அய்யோ, உங்களுக்கு லைசென்ஸ் கெடையாது, வைங்க அண்ணாச்சி." சின்னப் பொருள், ஒரு கருப்புச் சோப்புக்கட்டி மாதிரி, கையில் வியர்வை ஒட்டியது. ஐஸ் பார் பிடித்த விரல், டீசல் இன்ஜினைத் தட்டிப் பார்த்த விரல், அமுக்குகிற இடம் தெரியாமல் தடவி, கண்டுபிடித்து, அமுக்கியது, இரைச்சல் நின்றது. அந்த நிசப்தத்தில் மழை மட்டும். யாரோ கேட்கிறார்கள் என்கிற மாதிரியான நிசப்தம். வாயில் வந்தது ஏட்டி, செண்ப என்பதுதான், அதற்குள் பியூலா கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "பேரச் சொல்லாதீய! ரேடியோல ஆள் பேரச் சொல்லக்கூடாது, கால்சைன்தான் சொல்லணும்." பேரைச் சொல்லக் கூடாது. பெற்று, கோவில்பட்டியில் மொட்டை போட்டு, அம்மன் பேரை வைத்து, தெருவில் நின்று கூப்பிட்ட பேர், அதைச் சொல்லக் கூடாது. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துவிட்டுத் தான் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரு பெண்பிள்ளையை அவர் பார்த்ததில்லை, படம்கூடப் பார்த்ததில்லை, ஆனால் அவள் முந்தானை காற்றில் படபடப்பது தெரிந்தது, காலுக்கடியில் மணல் இழுபடுவது தெரிந்தது, அவர் பக்கத்தில்தான் நின்றாள், சொல்லுலே என்றாள். நான் சொல்லமாட்டேன். அது உங்க வீட்டுப் பேர். எனக்கு அது கொசுறு. எனக்கும் அதற்கும் என்ன. கட்டைவிரல் மறுபடி அமுங்கியது. "டெல்பினா" என்றார். நம்பர் சொல்லவேண்டும் என்பது மறந்துபோயிற்று. எடுத்தார், ஸ்ஸ், அமுக்கினார். "டெல்பினா." துறைமுகத்தில் ஏலம் கூவிய தொண்டை, நாலு படகு தாண்டிக் கேட்கிற தொண்டை, அதிலிருந்து இவ்வளவு சின்னதாக ஒரு சத்தம் வரும் என்று அவருக்கே தெரியாது. "டெல்பினா. டெல்பினா." பியூலா தடுக்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

கறக்கென்று ஒரு சத்தம். அப்புறம் குரல், மகளின் குரல்தான், ஆனால் வீட்டில் கேட்காத குரல், இஸ்திரி போட்டது மாதிரி மடிப்பில்லாத குரல். "ஆப்ஸ், டெல்பினா டூ செவன், கோ அஹெட்." அவருக்குக் கோ அஹெட் என்றால் என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை. மைக்கை மேஜைமேல் வைத்தார், வைத்த இடம் டீ டம்ளர், டீ கொட்டியது. பியூலா மைக்கைத் தட்டிப்பறித்து இங்கிலீஷில் கடகடவென்று என்னவோ கேட்டாள், மேலிருந்து என்னவோ பதில் வந்தது, எண்ணெய் இருக்கிறது, மழை வடக்கே நகருகிறது, அடுத்து நாங்கள்தான் இறங்குகிறோம் என்கிறார்கள் என்று அவள் ஒவ்வொன்றாக இவருக்குத் தமிழில் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி அதே குரல். "ஆப்ஸ், டெல்பினா டூ செவன். முன்னாடி கூப்பிட்டது யாரு?" பியூலா அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று. "மொதலாளி" என்றாள் பியூலா. "ரோஜர்" என்றது குரல், அந்த ஒரு சொல்லில் மடிப்பு விழுந்துவிட்டது, சிரிப்பா அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை, செட்டில் மறுபடி இரைச்சல்.

மழைக்குள் ஒரு வெளிச்சம் தெரிந்தது, இரண்டானது, பெரிதானது, ஓடுபாதையில் தண்ணீரைச் சீறிக்கொண்டு ஓடியது, திரும்பியது. பியூலா குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆவுடையப்பன் போகவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இறங்கிவிட்டாள். இன்றைக்கு இறங்கிவிட்டாள். நாளைக்கு? நாளைக்கும் போவாள், நாளை மறுநாளும், மழை ஐப்பசியோடு நிற்கப்போவதில்லை, கார்த்திகை இருக்கிறது, ஒவ்வொரு நாளும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் இதை நினைக்கவேண்டும். வேறு பேர் வாங்கினால் தீர்ந்துவிடுமா? ஒரு பூப்பேரை வாங்கி ஒட்டிவிட்டு, இதை யாரும் கூப்பிடாமல் விட்டுவிட்டால், அப்புறம் அந்தக் கரையில் நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததும் அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது, கரையில் யாரும் நிற்கவில்லை, எல்லாம் எப்போதோ முடிந்தது, அவருக்கென்ன வந்தது. வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. இப்படி ஒரு சாமானை அவர் வாழ்க்கையில் வாங்கியதில்லை. செல்போனை எடுத்து உன் நம்பரைப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கமாட்டாய், பேசத்தான் தெரியாதே, என்று நினைக்கும்போது எடுத்துவிட்டாய்.

"சொல்லுங்க அண்ணாச்சி." குரல் ரொம்பத் தூரத்தில் இருந்தது. "அங்க மழை எப்பிடி?" "எறங்கியாச்சு" என்றார் ஆவுடையப்பன். "யாரு?" மகள் என்றுதான் சொல்ல வந்தார். "டெல்பினா" என்றார். அந்தப் பக்கம் பேச்சு நின்றது. மூச்சுமட்டும் கேட்டது. வெளியே இன்ஜின் சுற்று குறைந்து குறைந்து நின்றது, பியூலா ஏதோ கத்துவதும் செண்பகம் சிரிப்பதும் மழைக்குள் கேட்டன. "வாயத் தொறந்து பேசும் வே!" என்று கத்தினார். "எம் பிள்ளைகிட்ட சாயங்காலம் முழுக்கப் பேசினீராமே, எங்கிட்டப் பேச மட்டும் ஒமக்கு நாக்கு இல்லியா? நான் கேட்டா தூக்கிக் குடுத்துருவீரா? ஒம்ம அப்பா தோணிப் பேரையும் குடுத்துருவீரா? நாளைக்கு இங்க வாரும். வந்து என் எதுக்க உக்காந்து, அந்தப் பேரு எனக்கு வேணும்னு கேளும். நான் தரமாட்டேம்பேன். கத்துவேன். நீரும் கத்தும். எந்திரிச்சு வெளிய போயி எறக்கையத் தொட்டுக்கிட்டு நிக்கப்படாது. எம் பிள்ளையும் பக்கத்துல இருப்பா, அவளுக்கும் இதுல பேச்சு உண்டு. மூணு பேரும் பேசி, அது யாருக்குன்னு முடிவு பண்ணாம நீரு இந்த ரூமை விட்டுப் போவக்கூடாது. கேக்கீரா? வந்து கேளும் வே. கேட்டுச் சண்ட போடும்."